திருவிதாங்கூர் அரச மரபும் அரண்மனைகளும்: நாம் கற்க வேண்டியவை

(சங்க வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் என்னை அணுகி, திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் வரலாற்றையும் அவர்களுடைய அரண்மனைகளையும் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். கல்விச் சங்கத்தின் விழாவில், அதுவும் நம் சமுதாயத்தின் விழாவில், அரசர்களின் கதை எதற்கு என்று நினைத்தேன். பிறகு, இதே மேடையில் பேசத்தக்க பொருள் இதுவே என்று எனக்குத் தோன்றியது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை இப்போது சொல்கிறேன். மற்றொன்றை இறுதியில் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், ஏழாம் வகுப்பு மாணவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றேன். விருந்து மண்டபமாகிய ஊட்டுப்புரையின் முன்னே நின்று, ஒரே பந்தியில் எத்தனை பேர் உண்டனர் என்று வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகளில் ஒருவன் என் அருகில் வந்து, மற்றவர் காதில் விழாதவாறு, “ஐயா, அந்தப் பந்தியில் நம்ம ஆளுங்களும் இருந்திருப்பாங்களா?” என்று கேட்டான். நான் வரலாறு படித்தவன். ஆயினும் அந்தக் கணத்தில், “பிறகு சொல்கிறேன், வரிசையில் நட” என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அந்தப் பிறகு என்பது இத்தனை ஆண்டுகள் கழித்து இன்றுதான் வாய்த்திருக்கிறது.

வேணாட்டிலிருந்து திருவிதாங்கூர்

திருவிதாங்கூர் என்னும் பெயர் தக்கலைக்கு அருகிலுள்ள திருவிதாங்கோடு என்னும் ஊரின் பெயரிலிருந்து வந்தது. வேணாட்டு மன்னர்களின் பழைய தலைநகரங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் கல்குளம் அவர்களுடைய தலைநகராயிற்று. அங்கே 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் எழுப்பிய அரண்மனையே, பிற்காலத்தில் விரிந்து இன்று நாம் காணும் பத்மநாபபுரம் அரண்மனையாக நிற்கிறது. இரணியலிலும் வேணாட்டு மன்னர்களுக்கு ஓர் அரண்மனை இருந்தது. அது நெடுங்காலம் கூரை சிதைந்து, செடிகொடிகள் மண்டிக் கிடந்ததை நம்மில் மூத்தோர் பலர் கண்டிருப்பீர்கள்.

சிறு நாடாக இருந்த வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் பேரரசாக்கியவர் அனிழம் திருநாள் மார்த்தாண்டவர்மர். 1729 முதல் 1758 வரை அவர் ஆட்சி புரிந்தார். அண்டையிலிருந்த சிற்றரசுகளை வென்று சேர்த்தார். 1741இல் குளச்சல் கடற்கரையில் ஒல்லாந்தரைத் தோற்கடித்தார். ஐரோப்பியப் படையொன்றை இந்திய மன்னர் ஒருவர் வென்ற அப்போர் நம் மாவட்டத்து மண்ணிலேயே நடந்தது. அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்னும் படைத்தலைவன் பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சியளித்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டான்.

1750ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மார்த்தாண்டவர்மர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாபசாமிக்கு எழுதிக் கொடுத்தார். இதனைத் திருப்படித்தானம் என்பர். அன்று முதல் அரசர்கள் தம்மைப் பத்மநாபதாசர், அதாவது பத்மநாபனின் அடியவர் என்றே அழைத்துக்கொண்டனர். கல்குளமும் பத்மநாபபுரம் என்று பெயர் மாறிற்று. இச்செயலில் பக்தியும் இருந்தது, அரசியல் நுட்பமும் இருந்தது. வாளால் வென்ற நாடு இறைவனின் உடைமையாகிவிட்டால், அரசனை எதிர்ப்பது தெய்வத்தையே எதிர்ப்பதாகிவிடும் அல்லவா?

இவ்வரச குடும்பம் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றியது. அரசனுக்குப் பின் அவன் மகன் பட்டம் பெறுவதில்லை. சகோதரியின் மகனே அரசனாவான். குடும்பத்தில் பெண்வழி அற்றுப்போனால் வெளியிலிருந்து பெண்களைத் தத்தெடுப்பார்கள். 1900ஆம் ஆண்டில் தத்தெடுக்கப்பட்ட சேது லட்சுமிபாய், சேது பார்வதிபாய் ஆகிய இருவரும் புகழ்பெற்ற ஓவியர் இராசா இரவிவர்மாவின் பேத்தியர் ஆவர்.

அரண்மனைகளின் அழகு

பத்மநாபபுரம் அரண்மனையின் அழகைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. கல்லைவிட மரத்தாலேயே பெரிதும் அமைந்த அரண்மனை அது. பூமுகத்தின் கூரையில் தாமரை மலர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அதன் மேலே மந்திரசாலை. வண்ண அபிரகத் தகடுகள் பதித்த சாளரங்களின் வழியே ஒளி மெல்லியதாக உள்ளே வரும். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே குளிர்ச்சியாகவே இருக்கும். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து இழைத்த கரிய தளம் கண்ணாடிபோல் முகம் காட்டும். தாய்க் கொட்டாரம் எல்லாவற்றிலும் பழமையானது. அங்கே பலா மரத்தில் கடைந்த ஒரு தூணைப் பார்த்துக்கொண்டே ஒருவர் அரை நாளைக் கழித்துவிடலாம்.

மார்த்தாண்டவர்மர் எழுப்பிய உப்பரிகை மாளிகை நான்கு நிலைகள் உடையது. கீழ் நிலையில் கருவூலம். அதன் மேல் அரசனின் பள்ளியறை. உச்சியில் பத்மநாபசாமிக்கென ஓர் அறை. சுவர் முழுதும் ஓவியங்கள் தீட்டிய அவ்வறையில், அனந்தன்மேல் பள்ளிகொண்ட பெருமான் துயில் கொள்வதற்காக ஒரு கட்டிலும் இட்டிருக்கிறார்கள். அரசனுடைய கட்டில் மூலிகை மரங்கள் பலவற்றைச் சேர்த்துச் செய்தது. அந்தக் கட்டிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முடிவதற்குள் வேறொரு மரச்சாமானைப் பற்றி உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தருமராசர் எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் 1758 முதல் 1798 வரை ஆண்டார். அவர் காலத்தின் இறுதியில், ஏறத்தாழ 1795இல், தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. இசை மேதையாகிய சுவாதித் திருநாள் அங்கே 1840களில் குதிரை மாளிகையைக் கட்டினார். கூரையின் கீழே வரிசையாகச் செதுக்கப்பட்ட 122 மரக் குதிரைகளால் அதற்கு அப்பெயர். 1846இல், முப்பத்து மூன்றாம் வயதிலேயே அவர் மறைந்தார். பின்னர் கனகக்குன்று அரண்மனையும், பூசப்புரையில் சேது லட்சுமிபாய் வாழ்ந்த அரண்மனையும், 1930களில் கவடியார் அரண்மனையும் எழுந்தன.

இத்தனை மாளிகைகளையும் கட்டிய தச்சனின் கையும் கொத்தனின் கண்ணும் வியக்கத்தக்கவை. அவர்களை நாம் வணங்க வேண்டும். ஆனால் தச்சன் கைக்கு மரம் எப்படி வந்தது? காட்டில் வெட்டி இழுத்தவர் யார்? கோட்டைக்குக் கல் சுமந்தவர் யார்? ஊட்டுப்புரைக்கு வேண்டிய நெல்லைச் சேற்றில் நின்று நட்டு, களை பறித்து, அறுத்து, அளந்து கொடுத்தவர் யார்? அரண்மனையின் எந்தச் சுவரிலும் அவர்கள் பெயர் இல்லை.

அரண்மனையின் நிழலில் வாழ்ந்தவர்கள்

அரசாங்கத்திற்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்யும் வேலையை ஊழியம் என்றார்கள். அதிலும் கொடியது அடிமை முறை. நம் முன்னோர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர், குத்தகைக்கு விடப்பட்டனர். தனியாரிடம் மட்டுமின்றி, அரசாங்கத்திற்கே சொந்தமான அடிமைகளும் இருந்தனர். 1836ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை சுமார் 12,80,000. அவர்களில் அடிமைகள் சுமார் 1,65,000 பேர். எட்டுப் பேரில் ஒருவர் அடிமை! குதிரை மாளிகையில் மரக்குதிரைகள் செதுக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு எடுத்த கணக்கு இது.

ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஐம்பத்தாறு நாள்கள், வேதியர்களை வரவழைத்து ஓதச் செய்து விருந்திடும் முறைசபம் என்னும் பெருவிழாவைத் திருவனந்தபுரத்தில் அரசர்கள் நடத்தினர். அதன் செலவுக்கு வேண்டிய வருவாயை வயல்களே தந்தன. வயல்களில் உழைத்தவரோ அக்கோயில் இருந்த தெருவிலும் கால் வைக்கக் கூடாதவர். அன்று அச்சிறுவன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிடுகிறேன். இல்லை, மகனே. நம்மவர் அந்தப் பந்தியில் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தியில் விழுந்த சோற்றில் நம்மவர் இருந்தனர்.

அரசர்கள் ஒன்றும் செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். செய்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அரசி கௌரி லட்சுமிபாய் 1812இல், நிலத்தோடு பிணைந்த வேளாண் அடிமைகள் நீங்கலாக, அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்தார். அரசி கௌரி பார்வதிபாய் 1817இல், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என ஆணையிட்டார். இந்திய மன்னர்கள் வெளியிட்ட ஆணைகளில் அது மிகவும் முன்னோடியானது. உத்திரம் திருநாள் காலத்தில், 1855ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் அடிமை முறை ஒழிக்கப்பட்டது.

ஆயினும் இவற்றை ஊன்றிப் பாருங்கள். 1812ஆம் ஆண்டின் ஆணை, மிகப் பெரும்பாலான அடிமைகள் எங்கே இருந்தார்களோ அந்த வயலை விட்டுவிட்டது. 1817ஆம் ஆண்டின் ஆணையில் மக்கள் என்ற சொல் இருந்தது. அச்சொல்லுக்குள் நாம் வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1855ஆம் ஆண்டின் ஆணைக்கு முன்னே, 1847இல் இலண்டன் மிசன் ஊழியர்கள் கொடுத்த மனு இருக்கிறது. ஆங்கில அரசின் நெருக்குதல் இருக்கிறது. ஒவ்வோர் ஆணைக்குப் பின்னும் அதைக் கேட்டு வாங்கிய ஒரு குரல் உண்டு. 1859இல் சாணார் குலப் பெண்களுக்குக் கிடைத்த மேலாடை உரிமையும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நம் தென்பகுதித் தாய்மார்கள் அடியும் அவமானமும் பட்ட பின் கிடைத்ததே ஆகும்.

நம் சமுதாயத்தின் கல்வி வரலாறு அரண்மனையிலிருந்து தொடங்கவில்லை. அது மயிலாடியிலிருந்து தொடங்குகிறது. அவ்வூரைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் சாம்பவர் குலத்தில் பிறந்தவர். அவருடைய அழைப்பின் விளைவாகவே 1806இல் ரிங்கல்தௌபே என்னும் செர்மானிய நாட்டுப் பாதிரியார் திருவிதாங்கூர் மண்ணுக்குள் வந்தார். ஆலயமும் அதனை ஒட்டிப் பள்ளியும் அங்கே தோன்றின. சமயம் எதுவாயினும் ஆகட்டும். நம்மில் ஒருவர் தாமே புறப்பட்டுப் போய், கதவைத் தட்டி, கல்வியை அழைத்து வந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

வில்லுவண்டியும் பள்ளிப் பலகையும்

1863ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் வெங்ஙானூரில் பிறந்தவர் அய்யன்காளி. எழுதப் படிக்க அறியாதவர். 1893இல் அவர் ஒரு வில்லுவண்டியை வாங்கி, இரு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, தலைப்பாகையும் மேலாடையும் அணிந்து பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். அவர் செய்த குற்றம் அவ்வளவே! அரசன் போட்ட சாலை, குடிமகன் வண்டி. ஆனால் அந்தச் சாலையில் அந்தக் குடிமகன் செல்லக் கூடாது என்பது அன்றைய வழக்கு. தடுத்தவர்களை அவர் எதிர்த்து நின்றார்.

1904இல் வெங்ஙானூரில் நம் குழந்தைகளுக்காக அவர் ஒரு குடிசைப் பள்ளியைத் தொடங்கினார். அது எரிக்கப்பட்டது. மீண்டும் கட்டினார். 1907இல் சாதுசன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பள்ளிகளில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்க அரசு ஆணை பிறப்பித்தும் பள்ளிகள் இடம் தரவில்லை. அப்போது அவர், நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் இல்லையென்றால் உங்கள் வயலில் நம் கை இறங்காது என்று அறிவித்தார். உழவுத் தொழிலாளர் வயலுக்குப் போக மறுத்தனர். பட்டினி கிடந்தனர், கடலுக்குச் சென்று மீனவரோடு வலை இழுத்துப் பசியாறினர். கூலிக்காக நடந்த வேலைநிறுத்தங்களை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்காகப் பாமரர் நடத்திய வேலைநிறுத்தம் அது.

பின்னர் ஊரூட்டம்பலம் என்னும் ஊரில், பஞ்சமி என்னும் சிறுமியின் கையைப் பிடித்து அவர் அரசுப் பள்ளிக்குள் அழைத்துச் சென்று பெஞ்சில் அமர்த்தினார். அந்தப் பள்ளிக்குத் தீ வைத்தனர். ஒரு குழந்தை உட்கார்ந்ததற்காக ஒரு பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள்! அத்தீயில் பாதி கருகிய ஒரு பெஞ்சை அப்பள்ளியில் இன்றும் காத்து வைத்திருக்கிறார்கள். 2022இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது. நான் சொல்வதாகக் கூறிய மரச்சாமான் இதுதான். மூலிகை மரத்துக் கட்டிலைப் பார்க்க நம் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துச் செல்கிறோம், நல்லது. கருகிய பெஞ்சைப் பார்க்க எத்தனை பேரை அழைத்துச் சென்றிருக்கிறோம்?

1911இல் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரசா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். திவானும் செல்வந்தரும் அமர்ந்த அவையில், கையெழுத்து மட்டும் போடக் கற்ற அம்மனிதர் எழுந்து நின்று, நிலம் வேண்டும், பள்ளி வேண்டும், வேலை வேண்டும் என்று பேசினார். பிரசா சபை கூடிய விக்டோரியா ஜூபிலி மண்டபத்துக்கு 2019இல் அவருடைய பெயரே சூட்டப்பட்டது. 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், சாதி அடையாளமாகச் சுமத்தப்பட்ட கல்மாலைகளை நம் பெண்கள் கழுத்திலிருந்து அறுத்தெறிந்ததும் அவர் தலைமையிலேயே ஆகும்.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காக அறப்போர் நடந்தது. காந்தியடிகள் வந்தார், பெரியார் சிறை சென்றார். 1926இல் நம் சுசீந்திரத்திலும் அதே போராட்டம் எழுந்தது. 1935இல் அண்ணல் அம்பேத்கர், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தது நாடு முழுவதையும் உலுக்கியது. இவற்றையெல்லாம் அடுத்து, 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், இருபத்து நான்கு வயது இளைஞராகிய சித்திரைத் திருநாள் மன்னர் ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நம்மவர்க்குத் திறந்தது 1939இல்தான். ஆகவே அம்மன்னரின் துணிவைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் பாராட்டும்போது, வைக்கத்தில் மழையில் நின்றவர்களையும் சுசீந்திரத்தில் அடிபட்டவர்களையும் மறந்து பாராட்டக் கூடாது.

என் பாட்டனார் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். விளம்பரம் வந்த சில நாள்களில், நண்பர்களோடு சுசீந்திரம் கோயிலைப் பார்க்கப் புறப்பட்டாராம். தெரு முனையில், முன்பு நம்மவர் நிற்க வேண்டிய இடம் வந்ததும், தடுப்பவர் ஒருவரும் இல்லாதபோதே, அவர் கால்கள் தாமாக வயலுக்குள் இறங்கிவிட்டனவாம். “சட்டம் மாறிப் போச்சு, காலு மாறல்லியே” என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிறுவயதில் நானும் சேர்ந்து சிரித்தேன். ஆசிரியனான பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. கடைசி இருக்கையை நாடிச் செல்லும் நம் பிள்ளைகளை வகுப்பறையில் காணும்போதெல்லாம், பாட்டனாரின் அந்தக் கால்களையே காண்கிறேன்.

கலைமகள் புறப்படும் அரண்மனை

பத்மநாபபுரம் அரண்மனையை ஒட்டிக் கலைமகள் கோயில் இருக்கிறது. கம்பர் பூசித்த திருவுருவம் அது என்பது மரபு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், அந்தக் கலைமகளையும், குமாரகோயில் முருகனையும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்கிறார்கள். அரண்மனையிலிருந்து உடைவாள் முன்னே செல்லும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நம் வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்த பின்னும் இவ்வழக்கம் நிற்கவில்லை. அரண்மனையும் தமிழக மண்ணில் நின்றுகொண்டே கேரளத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது.

கல்விக்கு ஒரு தெய்வம். அதற்கு அரண்மனையில் இடம், ஆண்டுதோறும் வாளோடு ஊர்வலம். ஆனால் அந்த ஊர்வலம் சென்ற சாலையின் இருமருங்கிலும் இருந்த குடிசைகளில் ஓர் எழுத்தும் நுழையாமல் தலைமுறைகள் கழிந்தன. கலைமகளை வணங்குகிறவர்கள் வணங்கட்டும். வணங்காதவர்களும் நம்மிடையே உண்டு. அது அவரவர் உரிமை. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருவது வேறொரு ஊர்வலம். மாலை ஆறு மணிக்குப் புத்தகப் பையோடு நம் மாலைப் பள்ளிக்கு வரும் குழந்தைகளின் ஊர்வலம் அது.

இனி அரச குடும்பத்தின் பிற்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சித்திரைத் திருநாள் 1956 வரை இராசப்பிரமுகராக இருந்தார், 1991இல் காலமானார். 1971ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் மன்னர் மானியம் ஒழிந்தது. 2011இல் பத்மநாபசாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டு, அங்கிருந்த செல்வத்தைக் கண்டு உலகம் வியந்தது. 2020இல் உச்சநீதிமன்றம் கோயிலில் அக்குடும்பத்தின் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. குதிரை மாளிகை காட்சிக்கூடமாயிற்று. கனகக்குன்றில் கலைவிழாக்கள் நடைபெறுகின்றன. பூசப்புரை அரண்மனை சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுக்கூடமாகி, அங்கே உருவான செயற்கை இதய வால்வு 1990 முதல் ஏழை நோயாளிகள் பலரின் உயிரைக் காத்து வருகிறது. அரண்மனைகளுக்கு இதைவிட நல்ல கதி வேறு உண்டா?

இளைஞர்களுக்கு ஒரு சொல்

இனி நான் முதலில் சொல்லாமல் விட்ட இரண்டாவது காரணத்தைச் சொல்ல வேண்டும். இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நம் இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு ஒன்று எழுதிக் கொண்டுவந்தார். நம் குலமே முன்னாளில் இந்நாட்டை ஆண்ட அரச குலம், அரண்மனைகள் நம்முடையவை என்பது அதன் சாரம். சான்று கேட்டேன். அவரிடம் இல்லை. “எல்லாச் சாதிக்காரங்களும் எழுதுறாங்க சார், நாம மட்டும் எழுதக்கூடாதா?” என்று கேட்டார். அவருடைய மனப்புண் எனக்குப் புரிகிறது. அவர் மீது எனக்குச் சினம் இல்லை.

திருவனந்தபுரத்தில் புலையனார் கோட்டை என்று இன்றும் ஓர் இடம் வழங்குகிறது. அங்கே நம்மவருள் ஒரு தலைவன் ஆண்டான் என்னும் மரபும் உண்டு. அத்தகைய தடங்களைத் தேடுங்கள், ஆராயுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அரசனின் பேரன் என்று நிறுவினால்தான் நமக்கு மதிப்பு வரும் என்று எண்ணாதீர்கள். அவ்வாறு எண்ணினால், ஆண்டவன் உயர்ந்தவன், உழைத்தவன் தாழ்ந்தவன் என்னும் பழைய அளவுகோலை நாமே கையில் எடுத்துக்கொள்கிறோம் என்று பொருள். அந்த அளவுகோலால்தானே நம்மை அளந்து வெளியே நிறுத்தினார்கள்? கல் சுமந்தவனின் பேரன் என்று சொல்வதில் நமக்கு என்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவர்கள் சுமக்க வைத்துவிட்டுக் கூலி கொடுக்காதவர்கள் அல்லவா?

திருவனந்தபுரத்துக்குச் செல்பவர்கள் வெள்ளையம்பலம் சந்திப்பில் ஒரு கணம் நில்லுங்கள். கவடியார் அரண்மனைக்குச் செல்லும் இராசபாட்டை அங்கே தொடங்குகிறது. அப்பாட்டையின் தலைப்பில், 1980இல் பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்த அய்யன்காளியின் சிலை இருக்கிறது. அவர் அரசர் மரபில் பிறந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

1937ஆம் ஆண்டு காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். அப்போது, தாம் கண்மூடுவதற்குள் தம் சமுதாயத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்பதே தம் ஆசை என்று அய்யன்காளி சொன்னார். நாடு கேட்கவில்லை, அரண்மனை கேட்கவில்லை. பத்துப் பேர் கேட்டார். 1941இல் அவர் மறைந்தார்.

விழா அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எட். என்று அச்சிட்டிருக்கிறீர்கள். என் பாட்டனார் கைநாட்டு வைத்தவர். என் பெயருக்குப் பின்னாலுள்ள அந்த இரண்டு எழுத்துகளை என் திறமையால் பெற்றதாக இளமையில் நான் எண்ணியதுண்டு. இப்போது அவ்வாறு எண்ணுவதில்லை. வயலுக்குப் போகாமல் பட்டினி கிடந்தவர்கள் எனக்காகக் கட்டிய கட்டணம் அது.

இளைஞர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, உங்கள் வீட்டிலுள்ள முதியவரின் அருகே அமர்ந்து, அவர் நடந்த வழி எது, நடக்கக் கூடாதிருந்த வழி எது என்று கேட்டு எழுதி, ஊரும் ஆண்டும் குறித்துச் சங்கத்தில் கொடுங்கள். அடுத்த மலரில் அதனை அச்சிடுவோம்; நமக்குச் சான்றுள்ள வரலாறு அதுதான். இரண்டாவது, பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு மாலைகளை நம் மாலைப் பள்ளிக்குத் தாருங்கள். பணம் தருபவர்கள் இருக்கிறார்கள். நேரம் தருபவர்களே குறைவு. மூன்றாவது, அரண்மனைக்குச் சிறுவர்களை அழைத்துச் செல்லுங்கள். அவ்வாண்டிலேயே ஊரூட்டம்பலம் பள்ளிக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

அரண்மனைக்குப் போகும்போது முன்வாயில் வழியாகவே நுழையுங்கள். கட்டணச் சீட்டு வாங்கி, தலை நிமிர்ந்து, பொறுமையாகப் பாருங்கள். தூணைத் தொட்டுக் கெடுக்காதீர்கள். சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். அது நம் முன்னோர் உழைப்பும் கலந்த செல்வம். நம் பிள்ளை ஒருவன் உங்களிடம் வந்து காதோடு கேள்வி கேட்டால், நான் சொன்னதுபோல் பிறகு சொல்கிறேன் என்று சொல்லாதீர்கள். அங்கேயே, அப்போதே, உரக்கச் சொல்லுங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் எத்தனை பட்டதாரிகளை உருவாக்கியது என்று செயலாளர் தம் அறிக்கையில் படித்தபோது, பெயர்களை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். பத்தாவது பெயர் வந்தபோது என் கண் கலங்கியது. அவர் அதன் பிறகும் வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார்.